எண்ணுக்கு அடங்கும் இயந்திரம்



உருக்கை வெட்டி உருவாக்கும் பட்டறைகளிலே, தொழிலாளியின் கை சக்கரத்தைச் சுற்றிய காலம் மாறி, எண்கள் இயந்திரத்தை நடத்தும் காலம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஹெலிகொப்டரின் சுழலலகுகளை நுட்பமாக ஆக்கவேண்டுமென முயன்ற ஜோன் பார்சன்ஸ் என்பாரின் எண்ணமே இதற்கு வித்து. 1952ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவிலிருந்து ஆணை பெறும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். இன்று நாடாவின் இடத்தைக் கணினி பெற்றுவிட்டது. ஆயினும், எளிய வேலையொன்றை இவ்வியந்திரத்துக்கு எவ்வாறு சொல்லிக் கொடுப்பது என்னும் வினா, தொழில் பழகும் ஒவ்வோர் இளைஞன் முன்னும் நிற்கின்றது.

வழிகள் மூன்று. ஆணைகளைக் கையாலேயே எழுதுவது ஒன்று. இயந்திரத்தின் திரை கேட்கும் வினாக்களுக்கு விடையளித்து, அதனையே எழுதச் செய்வது மற்றொன்று. கணினியிலே படம் வரைந்து, வெட்டும் பாதையை அது கணிக்கச் செய்வது மூன்றாவது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிமீற்றர் நீளமும் 60 மில்லிமீற்றர் அகலமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட மெல்லுருக்குத் தகடு ஒன்று. அதன் நான்கு மூலைகளிலும், இரு விளிம்புகளிலிருந்தும் 10 மில்லிமீற்றர் உள்ளே, 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள் வேண்டும். தகட்டின் இடப்பக்கக் கீழ்மூலையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டால், முதல் துளை 10, 10 என்னும் இடத்தில் அமையும். ஏனையவை 90, 10, 90, 50, 10, 50 என்பன. மேற்பரப்பே உயரத்துக்குச் சுழியம்.

அடுத்தது வேகம். சாதாரண அதிவேக உருக்குத் துறப்பணம் மெல்லுருக்கை நிமிடத்துக்கு 25 மீற்றர் அளவில் வெட்டும் எனக் கொண்டால், 8 மில்லிமீற்றர் துறப்பணம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 முறை சுழலவேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்திலொரு மில்லிமீற்றர் இறங்கினால், நிமிடத்துக்கு 100 மில்லிமீற்றர் ஆகின்றது. துறப்பணத்தின் நுனி கூம்பாயிருப்பதால், துளை முழுதாக ஊடுருவ 13 மில்லிமீற்றர் ஆழம் சொல்லவேண்டும்.

ஜி 81 என்னும் துளையிடும் ஆணையுடன் முதல் இடத்தையும் ஆழத்தையும் வேகத்தையும் ஒருமுறை எழுதினாற் போதும். அடுத்த வரிகளிலே மாறும் எண்ணை மட்டும் எழுதலாம். எக்ஸ் 90.0, பின் வை 50.0, பின் எக்ஸ் 10.0, நான்கு துளைகளும் முடிந்தன. ஜி 80 என எழுதினால் அவ்வாணை நீங்கும். எல்லாம் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குள் அடங்கும். கணினியைத் திறந்து படம் வரையும் நேரத்தில் கையால் எழுதியவன் வேலையைத் தொடங்கியிருப்பான்.

விளிம்பைச் சுற்றி வெட்டுவதும் இவ்வாறே. 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலகின் நடுப்புள்ளி விளிம்பிலிருந்து 5 மில்லிமீற்றர் விலகிச் செல்லவேண்டும். இவ்விலகலை ஜி 41 என்னும் ஆணையிடம் ஒப்படைத்து, 5 என்னும் ஆரையைப் பட்டியலிற் பதிந்துவிட்டால், அலகு தீட்டப்பட்டு விட்டம் 9.8 ஆகக் குறைந்தபோதும் நிரலைத் திருத்தவேண்டியதில்லை, பட்டியலில் 4.9 என மாற்றினாற் போதும்.

அப்படியாயின் ஏனைய வழிகள் வேண்டாமா? வேண்டும். துளைகள் வட்டமாய் அமைந்து கோணக் கணக்கு மிகுமிடத்தில், திரை வழி வசதியானது. அச்சுக்குழிகள் போன்ற வளைந்த பரப்புகளுக்குக் கணினி வழியன்றி வேறு கதியில்லை. ஆனால் எவ்வழியிற் பிறந்த நிரலாயினும் இறுதியில் இயந்திரத்தை அடைவது எண்களே. அவற்றை வாசிக்க அறியாதவன் கண்கட்டி நடப்பவனாவான்.

ஏனெனில் இயந்திரத்துக்குக் கண் இல்லை. ஜி 00 என்றால் அது முழு வேகத்தோடு பாயும். வழியிலே தகட்டைப் பிடித்திருக்கும் வைஸ் நிற்பதை அது அறியாது. சில கட்டுப்பாட்டகங்களில், 90 என்பதற்குப் பின் தசமப் புள்ளியை விட்டுவிட்டால், அதனை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறுகள் தொண்ணூறு என்றே அவை கொள்ளும். ஒரு புள்ளி தவறியமையால் அலகு முறியலாம். அருகே நிற்பவருக்குக் காயமும் நேரலாம்.

ஆகவே புதிய நிரலை முதன்முறை இயக்கும்போது, சுழியத்தைத் தகட்டுக்கு மேலே உயர்த்தி வைத்து, வெற்றிடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நடத்துங்கள். வேகத்தைக் குறைக்கும் குமிழிலே கை இருக்கட்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். உருக்கிலே போடும்போது அவ்வுரை இன்னும் பொருத்தமுடையது. அங்கே வெட்டியதை மீண்டும் ஒட்டவியலாது.

எளிய வேலைகளை முதலிற் கையால் எழுதிப் பழகுங்கள். அப்பயிற்சி பெற்றவன் பின்னர் கணினி தரும் ஆயிரம் வரிகளுக்கிடையிலும் பிழையான ஒன்றைக் கண்டுகொள்வான்.