குரோவாத்தியர் வளர்த்த தாய்மொழி
(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

பன்மொழி கற்ற அறிஞர் தம் தாய்மொழியில் எழுத நாணுவரேல், அவ்வினத்தின் நிலை என்னாகும்? இவ்வினாவை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே எழுப்பித் தம் எழுத்தாலேயே விடையும் பகர்ந்த சிற்றினம் ஒன்றுண்டு. ஆதிரியக் கடற்கரையில் வாழும் குரோவாத்திய இனமே அது.

அக்காலத்து அவர்தம் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். 1493-இல் கிர்பாவாப் போர்க்களத்தில் துருக்கியர் அவர்தம் பெருமக்கள் பலரை வீழ்த்தினர். கடற்கரை நகர்கள் பலவற்றை வெனிசு ஆண்டது. துபுரோவ்னிக்கு நகரோ துருக்கியர்க்குத் திறைசெலுத்தித் தன்னாட்சி பேணியது. கற்றோர்க்கு இலத்தீன், வணிகர்க்கு இத்தாலியம். ஆயினும், குத்தன்பர்க்கின் திருமறை அச்சேறி முப்பதாண்டு நிறைவதற்குள், 1483-இல், கிளாகொலித்து என்னும் தம் பழவெழுத்தில் வழிபாட்டு நூலை அவர்கள் அச்சிட்டுவிட்டனர்!

இசுபிளித்து நகரிற் பிறந்தவர் மார்க்கோ மருலிச்சு (1450–1524). அவர்தம் இலத்தீன் நூல்களை ஐரோப்பாவெங்கும் கற்றனர். ஆங்கில மன்னன் எட்டாம் என்றியே அவற்றுளொன்றைப் படித்து ஓரத்திற் குறிப்பெழுதினான். இத்தகு புகழ்வாய்ந்தவர் 1501-இல் தாய்மொழியில் ‘யூதித்து’ என்னும் பாவியம் யாத்தார். ஏன்? இலத்தீன் நூலைப் படிக்கவியலாத தம் மக்களும் படித்தல் வேண்டும் என்பதற்காக! குரோவாத்தியச் செய்யுளில் இயன்றது என்பதை நூலின் தலைப்பிலேயே பொறித்தார். ஆறு பகுதிகள், 2126 அடிகள் கொண்ட அந்நூல் 1521-இல் வெனிசில் அச்சேறி, மறுவாண்டே மீண்டும் அச்சாயிற்று. முற்றுகையிட்ட பகைவர் தலைவனின் தலையைத் துணித்துத் தன் ஊரைக் காத்த கைம்பெண்ணின் கதையது. துருக்கியப் படையை எதிர்நோக்கி நின்ற மக்கட்கு அது வெறுங்கதையாகவா இருந்திருக்கும்?

அடுத்து, பெதர் சொரானிச்சு. குரோவாத்திய மொழியின் முதற்புதினமெனப்படும் ‘மலைகள்’ அவர் எழுதியது, 1569-இல் அச்சாயிற்று. அதில் ஒரு புகழ்ச்சோலை. அங்கே மொழிகள் அணங்குகளாய் நிற்கின்றன. நூல்களே அவர்கள் கையிலுள்ள கனிகள். குரோவாத்திய அணங்கின் மடியிலோ கனிகள் மிகச் சிலவே! தன் மக்கள் கற்றிருந்தும் தன்னில் எழுத நாணுகின்றனரே என்று அவள் வருந்துகின்றாள். அன்பர்களே, இவ்வருத்தம் நம் செவிக்குப் புதியதா?

அவ்வருத்தம் வீண்போகவில்லை. குவார்த் தீவினரான பெதர் எக்தொரோவிச்சு, மீனவர் இருவரோடு மூன்று நாள் கடலிற் சென்றதைப் பாட்டாக்கினார். அவர்கள் பாடிய நாட்டுப்பாடல்களை இசைக்குறிப்புடன் பதிவுசெய்தார். 1568-இல் அந்நூல் வெளிவந்தது. கல்லா மீனவனின் வாய்மொழியையும் நூலேறத் தக்கதெனக் கொண்ட நெஞ்சம் எத்துணை உயர்ந்தது! துபுரோவ்னிக்கின் மரின் திர்சிச்சோ, 1551-இல் ‘மாரோயே மாமா’ என்னும் நகைச்சுவை நாடகத்தை அரங்கேற்றி, ஏவலரின் கூர்மதியையும் செல்வரின் பேதைமையையும் காட்டினார். பெருங்குடியினரின் ஆட்சியை அகற்ற உதவுமாறு 1566-இல் புளோரன்சுக் கோமகனுக்கு மடல்களும் வரைந்தார், உதவி வரவில்லை. மறுவாண்டு வெனிசில் மறைந்தார்.

கல்லிலும் இம்மக்கள் தம்மை எழுதினர். சிபெனிக்குப் பெருங்கோயிலை 1441 முதல் எழுப்பிய சிற்பி யூரை தால்மாத்தினச்சு, அதன் வெளிச்சுவரில் எழுபத்தொரு மாந்தர் தலைகளைச் செதுக்கினார். முழுதும் கல்லாலான அக்கோயில் 1535-இல் நிறைவுற்றது. 2000-இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

1595-இல் பவுசுத்து விரான்சிச்சு ஐம்மொழி அகரமுதலி வெளியிட்டார். ஐரோப்பாவின் மேன்மைமிகு மொழிகள் ஐந்தெனக் கூறி, இலத்தீன், இத்தாலியம், செருமானியம், அங்கேரியம் ஆகியவற்றோடு தம் மொழியையும் நிகராக நிறுத்தினார். ஆயினும், குரோவாத்தியப் பேரவை அதனை ஆட்சிமொழியாக ஏற்றது 1847-இல்தான். ‘யூதித்து’ எழுந்து 346 ஆண்டுகள்! அரியணை ஏறுமட்டும் அம்மொழியைக் காத்தவர் யாவர்? எழுதியவர்களே!

மருலிச்சு இலத்தீனை வெறுத்தாரல்லர். கற்றார், அதில் எழுதினார், ஓங்கினார். ஆனால், தம் மக்கள் தம்மைப் படிக்கவியலாமையைக் குறையென உணர்ந்தார். ஆங்கிலத்தில் மட்டுமே எழுதும் தமிழறிஞர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். இங்குள்ள மாணவச் செல்வங்களே, நீங்கள் எத்துறை கற்பினும் கற்க. கற்றதில் ஒரு நூலேனும் தமிழில் எழுதுக. தமிழன்னையின் மடியில் ஒரு கனியேனும் சேர்ப்பது உங்கள் கடன்.

வாழ்க தமிழ்!