'இஃப்' இல்லாத நிபந்தனை



ஆங்கில இலக்கணம் தேர்வுக்கு மட்டும்தான் என்று எனக்கு முன் பேசிய அன்பர் குறிப்பிட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடன் வாங்கிய எவருடைய வீட்டிலும் 'ஷுட் யூ ஃபெயில் டு பே' என்று தொடங்கும் கடிதம் ஒன்று இருக்கலாம். 'ஷுட்' என்றால் 'வேண்டும்' என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கணக்கில், 'நீங்கள் பணம் கட்டத் தவற வேண்டும்' என்றல்லவா ஆகிவிடுகிறது! எந்த வங்கியும் அப்படிக் கேட்காது. 'கட்டத் தவறினால்' என்பதே அதன் பொருள். தவறினால் என்ன ஆகும், வட்டி கூடுமா, வீடு ஏலத்துக்குப் போகுமா என்பது காற்புள்ளிக்குப் பிறகுதான் இருக்கும். முதல் பாதி விளங்காதவர் அந்த இரண்டாம் பாதிக்குத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

'இஃப்' எங்கே போனது? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். எல்லாத் துணைவினைகளும் அல்ல. பெரும்பாலும் 'ஷுட்', 'ஹேட்', 'வெர்' ஆகிய மூன்றுதான். தமிழில் நிபந்தனை வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வந்தால், வந்திருந்தால். மலாயில் 'ஜிக்கா', 'கலாவ்' என்று ஒரு சொல் கண்முன் நிற்கும். ஆங்கிலத்தின் இந்த அமைப்பில் சொல்வரிசை ஒன்றுதான் அடையாளம். கேள்வியும் அதே வரிசையில் தொடங்குவதால் நம் பிள்ளைகள் வினாக்குறி போட்டுவிடுகிறார்கள், பாவம்! எதிர்மறையில் ஒரு வித்தியாசம் உண்டு. கேள்வியில் 'ஹேடன்ட் ஹீ' என்று சுருக்கலாம். நிபந்தனையில் 'ஹேட் ஹீ நாட்' என்று பிரித்தே எழுத வேண்டும்.

அடுத்தது கலப்பு நிபந்தனை. காரணம் ஒரு காலம், விளைவு வேறொரு காலம். 'அன்று படித்திருந்தால் இன்று ஆசிரியராக இருந்திருப்பேன்' என்கிறோம். தமிழில் இது குற்றமில்லை. ஆனால் 'இருந்திருப்பேன்' என்பதை அப்படியே கொண்டுபோய் 'வுட் ஹேவ் பீன்' என்று எழுதும்போதுதான் சிக்கல். படிக்காதது அன்று; ஆசிரியராக இல்லாதது இன்று. ஆகவே, 'ஹேட் ஐ ஸ்டடிட் தென், ஐ வுட் பீ அ டீச்சர் நவ்.' 'தென்', 'நவ்' இரண்டையும் பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டு, பிறகு வினையைத் தேடட்டும். நான் வகுப்பில் சொல்லும் வழி இதுதான்.

இதைத் திருப்பியும் போடலாம். எனக்குத் தண்ணீரைக் கண்டால் எப்போதும் பயம். அதனால் நேற்றுக் குளத்தில் குதிக்கவில்லை. 'வெர் ஐ நாட் அஃப்ரெய்ட் ஆஃப் வாட்டர், ஐ வுட் ஹேவ் ஜம்ப்ட் இன்.' பயம் இன்றும் இருக்கிறது, ஆகவே 'வெர்'. குதிக்காதது நேற்றோடு முடிந்துவிட்டது, ஆகவே 'வுட் ஹேவ்'.