புள்ளியிலிருந்து கோட்டுக்கு



புதுச்சேரி வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் நெருங்கினால் ஃபிளக்ஸ் கடைகளுக்கு வேலை குவியும். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, "இதைப் பத்தடி பேனரில் பெருசா போட்டுக் குடுங்க" என்பார்கள். வந்த படத்தின் அகலம் 800 பிக்சல்தான் என்று வைத்துக்கொள்வோம். பத்தடிக்கு இழுத்தால் ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கட்டமாகிவிடும். படத்திலுள்ள முத்திரையும் எழுத்தும் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும்.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அந்தப் படம் உதவவே உதவாது. கத்தி நகர்வதற்கு ஒரு கோடு வேண்டும். புகைப்படக் கோப்பில் கோடு என்ற ஒன்றே கிடையாது.

வாட்ஸ்அப்பில் நம் கைக்கு வரும் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் கோப்புகள். 1992-ல் தரமாக்கப்பட்ட இந்த முறை, படத்தை 64 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அதற்கு அடிப்படையான கணக்கை 1974-ல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். முகம், வயல், வானம் எல்லாம் இந்த முறையில் அழகாகவே வரும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால்தான் சிக்கல். எழுத்தின் ஓரங்களில் சாம்பல் நிறப் பிசிறுகள் ஒட்டிக்கொள்ளும். மறுபடி மறுபடி சுருக்கிச் சேமித்தால் பிசிறும் கூடும்.

இதற்கு மாறாக, கோடுகளால் ஆன வெக்டர் கோப்பில் இருப்பது வளைவுகளின் கணக்கு. பிரான்சின் ரெனோ கார் நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே 1960-களில் பரப்பிய முறை இது. தொடக்கத்துக்கு ஒரு புள்ளி, முடிவுக்கு ஒரு புள்ளி, வளைவை இழுத்துப் பிடிக்க இரண்டு புள்ளிகள். ஒரு வளைவுக்கு இந்த நான்கே போதும். எத்தனை அடிக்குப் பெரிதாக்கினாலும் கணினி அதைப் புதிதாக வரைந்து தரும். வாசலில் புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் இழுப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமனி, அவர் துணைவியார் ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டதும் அதே 1974-ல்தான்.

புகைப்படத்தைக் கோடாக்க, இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். அதிலுள்ள 'டிரேஸ் பிட்மேப்' வசதிக்குள் பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் நிரல் இயங்குகிறது. போட்ரேஸ் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் படிக்கும். ஆகவே முதலில் படத்தின் கறுப்பை அழுத்தமாக்கி, பின்னணியைத் துடைத்து வெள்ளையாக்க வேண்டும். பிறகு டிரேஸ் செய்து, தேவையற்ற புள்ளிகளை நீக்கி, எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகச் சேமிக்க வேண்டும். நம் கடைகளில் புழங்கும் கோரல்டிராவிலும் இதே வசதி உண்டு.

ஆனால் இயந்திரத்துக்கு ஓரம் தெரியுமே தவிர, பொருள் தெரியாது.

பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படியில் கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக விழும். அதை டிரேஸ் செய்யலாம். அப்போது கல்லின் விரிசலும் சிதைவும் எழுத்தோடு சேர்ந்து கோடாகிவிடும். எது எழுத்து, எது விரிசல் என்று சொல்லக் கல்வெட்டு படித்தவர்தான் வேண்டும். பாகூர் எஸ். குப்புசாமி தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்து 2006-ல் வெளிவரத் தொடங்கிய புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதிகளுக்குப் பின்னால் இருப்பது அத்தகைய கண்தான். முத்திரைக்கும் அதே கதைதான்: மங்கிய படத்தை டிரேஸ் செய்தால் 'ன'வின் சுழி அடைந்துபோகும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். அந்த எழுத்தைத் தெரிந்தவர் கையால் திரும்ப வரைவதே சரி. ஆட்களின் புகைப்படத்தை வெக்டராக்க முயலவே வேண்டாம்; முகம் திட்டுத்திட்டாகிவிடும்.

சுடுமண் பொம்மை செய்யும் வில்லியனூர்க் கைவினைஞர்களுக்கும், ஊறுகாய்க்கு லேபிள் ஒட்டும் பாகூர் மகளிர் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சின்னம் வரைந்து கொடுப்பவரிடம் ஜேபெக் படத்தோடு நின்றுவிடாதீர்கள். எஸ்விஜி கோப்பையோ கோரல் மூலக்கோப்பையோ கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'போட்டோ'வாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்'டாக அனுப்புங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.