பறப்பதற்கு முன்பே வந்த இறகு

இறகு எதற்கு என்று கேட்டால், பறப்பதற்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம். பாறைகள் அப்படிச் சொல்லவில்லை. இறகு முன்னே வந்தது. பறத்தல் வெகுகாலம் கழித்து வந்தது.

1996-ல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் ஓர் உழவர் எடுத்த கல்லுக்குள் ஒரு சிறு டைனோசர் கிடந்தது. நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. முதுகு நெடுக, வால் நுனி வரைக்கும் மெல்லிய இழைகள். சைனோசாராப்டெரிக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த அக்டோபரில் நியூயார்க்கில் தொல்லுயிர் அறிஞர்கள் கூடியபோது அதன் புகைப்படம் கைக்குக் கை மாறியது. பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்று 1970-களிலிருந்து வாதாடிவந்த ஜான் ஆஸ்ட்ரம் அதைப் பார்த்து நிலைகுலைந்து போனார். இருக்காதா பின்னே? அத்தனை ஆண்டுகள் வெறும் எலும்புகளை வைத்துப் போராடியவர் அவர்!

அந்த டைனோசர் தன் குட்டைக் கைகளால் பறந்திருக்க வழியே இல்லை. அப்படியானால் இழைகள் எதற்கு? உடற்சூட்டைக் காக்க என்பது ஒரு விடை. 2012-ல் அதே மாகாணத்திலிருந்து யூடைரானஸ் வெளிவந்தது. 9 மீட்டர் நீளமும் சுமார் 1,400 கிலோ எடையும் கொண்ட வேட்டை விலங்கு. அதன் உடலிலும் இழைகள்! இன்னொரு விடை, நிறம். 2010-ல் சைனோசாராப்டெரிக்ஸின் இழைகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நிறமித் துகள்களின் உருவம் கலையாமல் இருந்தது. அதை வைத்து, வால் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது என்று கணித்தார்கள். 12 கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஒரு விலங்கின் வால் நிறம் இன்று நமக்குத் தெரிகிறது என்பதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 1861-ல் ஜெர்மனியின் பவேரியாவில், சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸுக்கு வயது 15 கோடி ஆண்டு. வாயில் பல்லும் சிறகில் நகமும் இருந்தாலும், அதன் இறகு இன்றைய பறவையின் இறகேதான். பிந்திய சீன விலங்கு முந்திய ஜெர்மன் பறவைக்கு எப்படி முன்னோர் ஆகும்? ஆகாது. அது ஒன்றுவிட்ட சொந்தம். முன்னோரின் எளிய இழையை மாற்றாமல் வைத்துக்கொண்ட கிளை. முழுமையான இறகே முதலில் கண்ணில் பட்டதால்தான் இறகும் பறத்தலும் ஒன்றாகப் பிறந்தவை என்று நூறாண்டுக்கு மேல் உலகம் நம்பியது.

அந்த முழுமையான இறகின் அமைப்பை அறிய, கீழே கிடக்கும் ஒரு காக்கை இறகை எடுத்துப் பாருங்கள். நடுவே தண்டு, அதிலிருந்து கிளையிழைகள், அவற்றிலிருந்து நுண்ணிழைகள், நுண்ணிழைகளில் கொக்கிகள். பறவை அலகால் கோதுவது இந்தக் கொக்கிகளை மறுபடி மாட்டுவதற்கும்தான். கூகையின் சிறகில் முன்விளிம்பு சீப்புப் பல்லாகப் பிரிந்திருக்கிறது. ஆகவே அது வருவது எலிக்குக் கேட்பதில்லை.

இவற்றையெல்லாம் விட வியப்பு, கல்கௌதாரி. ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் ஆண் பறவை நீர்நிலையில் இறங்கி வயிற்று இறகுகளை நனைக்கிறது. அங்குள்ள நுண்ணிழைகள் உலர்ந்திருக்கையில் சுருண்டு கிடக்கும். நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நீரோடு அது பல கிலோமீட்டர் பறந்து கூட்டுக்குத் திரும்பும். குஞ்சுகள் அப்பனின் வயிற்றில் அலகை வைத்து உறிஞ்சும். 1896-ல் இதைக் கூண்டுப் பறவைகளிடம் கண்டு எழுதிய மீட்-வால்டோ என்பவரைப் பலரும் நம்பவில்லை. 1967-ல் வெளியான கலஹாரி ஆய்வுதான் அவர் சொன்னதை உறுதி செய்தது. அந்தக் குடும்பத்துப் பறவைகள் நம் பொட்டல் காடுகளிலும் உண்டு.

பறப்பதற்கு முன்பே வந்தது இறகு மட்டுமல்ல; நுரையீரலின் கதையும் இப்படித்தான். நமக்குக் காற்று போன வழியே திரும்புகிறது. பறவையின் நுரையீரலிலோ, காற்றுப்பைகளின் உதவியால் அது ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பைகள் குடைந்த துளைகள் டைனோசர்களின் முதுகெலும்பிலேயே தென்படுகின்றன. ஆக, வானத்துக்கு வேண்டிய மூச்சும் தரையிலேயே தயாராகிவிட்டது.

அந்த மூச்சின் வலிமையை வரித்தலை வாத்திடம் பார்க்கலாம். மங்கோலியாவிலும் திபெத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு இமயத்தைக் கடந்து வரும் இப்பறவை, 7,000 மீட்டருக்கு மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அதன் ஹீமோகுளோபினில் ஒருசில அமினோ அமிலங்களே மாறியிருக்கின்றன; அந்தச் சிறு மாற்றத்தால் மெல்லிய காற்றிலும் அதன் இரத்தம் ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது.

அது குளிர்காலத்தில் வந்து தங்கும் இடங்களில் ஒன்று நம் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம். வீட்டு மரங்களில் கூடு கட்டும் பறவைகளை விரட்டாமல் ஊரார் காத்துவரும் குளம் அது. மாணவர்களே, மழை நன்றாகப் பெய்த ஆண்டின் சனவரியில் ஆசிரியர்களை வற்புறுத்தியாவது அங்கே ஒருமுறை போய்வாருங்கள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். பார்த்த உடனே அடையாளம் கண்டுவிடுவீர்கள்.