வணிகத்திற்கு ஒரு தனிப் பாதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நாகபுரியில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகப் பணிபுரியும், மெட்ரிகுலேஷன் வரையே படித்த யாம், இணையத்தைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்துறையில் யாம் புலமை பெற்றோம் அல்லோம். ஆயினும் நம் காலனியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எம்மை இதனைக் கற்கச் செய்தது. கற்றதைச் சங்கத்தாரோடு பகிர்ந்து கொள்வது கடமையெனக் கருதியே இம்மேடை ஏறினோம்.

நம் அன்பர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த பிராவிடண்டு பண்டுப் பணத்தில் பெரும்பகுதியைத் தம் மகனின் அச்சகத்தில் இட்டார். மகன் நல்ல உழைப்பாளி. அந்த அச்சகத்தை நம்பி ஏழு குடும்பங்கள் பிழைக்கின்றன. ஓர் அலுவலகத்திற்கு ஓராண்டு முழுதும் படிவங்கள் அச்சிட்டுத் தரும் டெண்டர் வந்தது. விலைப்புள்ளியை இணைய வழியே பிற்பகல் 3 மணிக்குள் செலுத்த வேண்டும். 2 மணிக்கு அச்சகத்தின் இணைப்பு அறுந்தது. 4 மணிக்கு மேல்தான் உயிர் பெற்றது. ஓராண்டு வேலை கைநழுவிப் போயிற்று.

அன்று மாலை அப்பிள்ளை எம் இல்லம் வந்து, “மாமா, யாரிடமாவது சொல்லிப் பார்க்கலாமா?” என்று கண் கலங்கினான். டெண்டர்க் காகிதங்களோடு பழகிய யாம் அறிவோம்: மூடிய பெட்டி எவர் சொல்லுக்கும் திறவாது, திறக்கவும் கூடாது. கடைசி மணி வரை காத்திருந்ததும் பிழையே என்றோம். அவன் அதனை ஒப்புக்கொண்டு, “இனி எந்தக் கம்பெனியின் இணைப்பை வாங்குவது?” என்று வினவினான். கம்பெனியின் பெயரைக் கேட்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு உள என்பதை இருவருமாகக் கற்றுக்கொண்டோம்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிற்று. 1998-இல் தனியாருக்கும் இத்துறை திறந்துவிடப்பட்டது. 2000-இல் ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் தோன்றியது. நாம் அன்றாடம் காணும் இருப்புப்பாதையின் ஓரமாகவே ஒளியிழைக் கம்பிகள் ஓடுகின்றன. இன்று இணைப்பு விற்போர் பலர். தேர்ந்தெடுப்பதே கடினம்.

முதற்கண், சாதாரண இணைப்புக்கும் தனி இணைப்புக்கும் உள்ள வேறுபாடு யாது? ஜி.டி. எக்ஸ்பிரஸின் அன்ரிசர்வுடு பெட்டியை நினைத்துப் பாருங்கள். கூட்டம் இல்லாத நாளில் காலை நீட்டிப் படுக்கலாம். தீபாவளிக்கு முந்திய நாளில் நிற்கவும் இடமிராது. வீட்டு இணைப்பு அத்தகையது; பலர் பங்கிட்டுக் கொள்வது. தனி இணைப்போ, நம் பெயரில் பதிவு செய்த படுக்கை. வேறொருவர் அமர இயலாது. தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டருக்குச் சரக்கு வண்டிகளுக்கென்றே தனிப்பாதை வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே. கட்டணம் பன்மடங்கு அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

ஒன்று: அனுப்பும் வேகமும் பெறும் வேகமும் சமமா? வீட்டு இணைப்பில் அனுப்பும் வேகம் குறைவாக இருப்பதுண்டு. அச்சகத்துக்கோ அனுப்பும் வேலையே மிகுதி. நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 20 மெகாபைட் என்று மயங்கலாகாது; எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட். ஆகவே ஒரு ஜிகாபைட் கோப்பு செல்ல ஏறத்தாழ 400 நொடிகள், அதாவது 6 நிமிடம் 40 நொடிகள் ஆகும்.

இரண்டு: மாதத்தில் எவ்வளவு நேரம் இணைப்பு உயிரோடிருக்கும் என்று எழுதித் தருகிறார்கள்? 99 சதவீதம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். 30 நாளுக்கு 720 மணி. அதில் ஒரு சதவீதம் 7 மணி 12 நிமிடம்! 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம், 99.9 என்றால் 43 நிமிடமே. புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

மூன்று: பழுது நேர்ந்தால் எத்தனை மணியில் சீர் செய்வர்? தவறினால் கட்டணத்தில் எவ்வளவு கழிப்பர்? வாய்மொழி போதாது, ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். இரவில் புகார் எண்ணுக்கு அழைத்து, யார் எடுக்கிறார் என்று வாங்குமுன்னரே சோதித்தல் நலம்.

நான்கு: கம்பி எத்தெரு வழியே வருகிறது? இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு இணைப்பு வாங்கி, இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்குமாயின், ஒரு லாரி மோதினால் இரண்டும் போகும்.

ஐந்து: நிலையான ஐ.பி. முகவரி உண்டா? நிறுவும் செலவு எவ்வளவு? எத்தனை ஆண்டு விலக இயலாது? சொல்லும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா?

மூன்று கம்பெனிகளிடம் இவற்றைக் கேட்டு, பதில்களை ஒரு தாளில் கட்டமிட்டு எழுதினோம். மிகக் குறைந்த விலை சொன்னவரின் கம்பி, பழைய இணைப்பு வரும் அதே கம்பத்தின் வழியே வந்தது. மிக அதிகம் சொன்னவர் பழுது நீக்கும் நேரத்தை எழுதித் தர மறுத்தார். நடுவிலிருந்தவர் பின் தெரு வழியே பூமிக்கடியில் கம்பி கொணர்வதாகவும், 4 மணி நேரத்தில் சீர் செய்வதாகவும் எழுதிக் கொடுத்தார். அவரையே தேர்ந்தோம். பழைய இணைப்பையும் துணைக்கு வைத்துக்கொண்டோம்.

மழைக்காலத்தில் சாலை தோண்டியோர் புதிய கம்பியையும் வெட்டிவிட்டனர். அறுபடாத கம்பி உலகில் இல்லை. ஆயினும் துணை இணைப்பில் வேலை நடந்தது. 3 மணி நேரத்தில் பழுதும் நீங்கிற்று.

ஒன்று சொல்லி முடிக்கின்றோம். வீட்டிலிருந்து அப்பளம் விற்கும் சகோதரிக்கும், நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவருக்கும் தனி இணைப்பு வேண்டுவதில்லை. சாதாரண இணைப்போடு கைப்பேசி இணைப்பும் துணையிருந்தால் போதும். இணைப்பு ஒரு மணி நேரம் அறுந்தால் எவ்வளவு நட்டம் என்று கணக்கிடுங்கள். அக்கணக்கே வழிகாட்டும்.

அப்பிள்ளை அடுத்த டெண்டரை இரண்டு நாள் முன்னதாகவே செலுத்தினான்; வேலையும் கிடைத்தது. சில மாதம் சங்கத்துப் பக்கம் வாராதிருந்த அவன் தந்தை இன்று இம்மன்றத்தில் அமர்ந்திருக்கிறார். உங்கள் கையிலுள்ள விழா அழைப்பிதழும் அவ்வச்சகத்தில் அச்சானதே.