கணிப்பொறியும் மொழிபெயர்ப்பும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியாகிய அலிப்பூரில், பெல்வெடியர் தோட்டத்தில் தேசிய நூலகம் அமைந்திருக்கிறது. முன்னாளில் வங்காளத்து லெப்டினென்ட் கவர்னர் வாழ்ந்த அவ்விடத்தில், 1953ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் நூல் பயின்று வருகின்றனர். அங்கே நூல்கள் மொழிவாரியாகப் பகுக்கப்பட்டுள்ளன. தமிழுக்கும் தனிப் பிரிவு உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அரிதின் தேடிச் சேர்த்த நூல்தொகுதியும் அந்நூலகத்திலேயே இருக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அது தாய்வீடு போன்ற இடம்.

மனிதரின் மொழிகளை இவ்வாறு வகுத்து வைக்கலாம். பொறிகளின் மொழிகளை எப்படி வகுப்பது? பள்ளியில் பயிலும் நம் மகள் அண்மையில் இவ்வினாவை எழுப்பினாள். கலைப்பாடம் பயின்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாம் முதலில் தயங்கினோம். சற்று முயன்று படித்தபோது, நிரல்மொழிகளின் வரலாறு நம் தொழிலின் வரலாறாகவே தோன்றிற்று.

இக்கதையின் தொடக்கத்தைக் காண வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. இதே நகரின் வடபுறத்தில், பராநகரில், மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. 1955-56இல் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட ‘ஹெச்.இ.சி.-2எம்’ என்னும் கணிப்பொறி அங்கு நிறுவப்பட்டது. இந்நாட்டில் இயங்கிய முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. அதற்குப் புரிந்தது எண்கள் மட்டுமே. ‘கூட்டு’ என்பதற்கு ஓர் எண். கூட்டவேண்டிய தொகை இருக்கும் இடத்துக்கு மற்றோர் எண். அறிஞர்கள் தம் எண்ணத்தைத் தாமே எண்வரிசையாகப் பெயர்த்து எழுதினர். இதுவே பொறிமொழி, முதல் தலைமுறை.

இரண்டாம் தலைமுறையில், எண்களுக்குப் பதிலாக ‘ஆட்’, ‘மூவ்’ போன்ற குறுஞ்சொற்கள் வந்தன. நினைவில் கொள்வது எளிதாயிற்று. ஆயினும், ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு வழக்கு. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றுக்கு உதவவில்லை.

பெரிய திருப்பம் 1957இல் நேர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் குழுவினர் ‘ஃபோர்ட்ரான்’ மொழியை வெளியிட்டனர். அப்பெயரின் பொருளே ‘சூத்திர மொழிபெயர்ப்பு’ என்பதுதான்! கணித அறிஞர் தமக்குப் பழகிய சமன்பாடு போல எழுதுவார். பொறியே அதைத் தன் எண்களாகப் பெயர்த்துக்கொள்ளும். பின்னர் வணிகக் கணக்குக்குக் ‘கோபால்’, 1972 அளவில் ‘சி’, 1991இல் ‘பைதான்’ எனப் பல மொழிகள் தோன்றின. இவை மூன்றாம் தலைமுறை.

இவற்றைப் பெயர்க்கும் முறை இருவகை. முழு நிரலையும் முன்கூட்டியே பெயர்த்துக் கொடுப்பது ‘கம்பைலர்’. இது நூலை மொழிபெயர்ப்பவர் போன்றது. இயங்கும்போதே வரிக்கு வரி பெயர்த்துச் செல்வது ‘இண்டர்பிரெட்டர்’. இது மேடையில் அருகே நின்று சொல்பவர் போன்றது. இரண்டுக்கும் உரிய இடம் உண்டு.

நான்காம் தலைமுறையில், செய்யும் முறையை விரிக்காமல் வேண்டுவதை மட்டும் சொன்னால் போதும். தகவல் திரட்டில் வினவப் பயன்படும் ‘எஸ்.க்யூ.எல்.’ இதற்குச் சான்று. ஐந்தாம் தலைமுறை என்று ‘புரோலாக்’ போன்ற தருக்கமொழிகளைக் குறிப்பிடுவர். 1982இல் ஜப்பான் இப்பெயரிலேயே பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்தது. எதிர்பார்த்த பயன் முழுதும் கிட்டவில்லை. தலைமுறையால் அன்றி இயல்பாலும் இம்மொழிகளை வகுப்பதுண்டு. சில, நம் இலக்கணத்து ஏவல் வினைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளையிடும். சில, உண்மைகளைக் கூறி முடிவை வினவும்.

இன்று வீட்டுப்பேச்சில் கேட்டாலே நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. இனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்ற கேள்வி நம்மையும் உறுத்துகிறது. இங்கே நம் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு சுற்றறிக்கையில் ‘மாதக் கடைசி நாள் வரை’ என்று வரவேண்டிய இடத்தில், ‘கடைசி நாளுக்கு முன்’ என்னும் பொருள்படப் பெயர்த்துவிட்டோம். அந்தக் கடைசி நாளில் விண்ணப்பத்துடன் வந்த முதியவர் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். நல்லவேளையாக ஓர் எழுத்தர் ஐயுற்று மூலத்தைப் பார்த்தார், பிழை திருத்தப்பட்டது. நிரல் எழுதுவோரும் இதே இடத்தில்தான் அடிக்கடி தவறுகின்றனர்: ‘குறைவு’ என்பதா, ‘குறைவு அல்லது சமம்’ என்பதா? ஆனால், பொறி அந்த எழுத்தரைப்போல் தானாக ஐயுறுவதில்லை, சொன்னபடியே செய்துவிடும். ஆகவே, எத்தனை தலைமுறை வந்தாலும், ‘நாம் கருதியது இதுதானா?’ என்று ஒப்புநோக்கும் பொறுப்பு மனிதரிடமே நிற்கிறது.

நிரலின் தலைமுறைகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. பேரன் எவ்வளவு எளிதாகப் பேசினாலும், அப்பேச்சு இறுதியில் பாட்டனின் எண்மொழியில் இறங்கியாக வேண்டும். நம் வீடுகளிலோ, ஊரிலிருந்து தாத்தா தொலைபேசியில் பேசுவது பேரப்பிள்ளைகளுக்குப் பாதியே விளங்குகிறது. இடையில் நாம் நின்று பெயர்த்துச் சொல்கிறோம்.

முத்து அண்ணாமலை என்பவர், சிறுவர் கல்வியைக் கருதித் தமிழ்ச்சொற்களால் ‘எழில்’ என்னும் நிரல்மொழியை உருவாக்கி, அதனைப் பற்றி 2013இல் கட்டுரையும் எழுதினார். அதில் திரையில் காட்டுவதற்குப் ‘பதிப்பி’ என்பது கட்டளை. நிபந்தனையோ தமிழ்த்தொடர் போலவே முன்னே வர, ‘ஆனால்’ என்ற சொல் பின்னே நிற்கும். வங்கமொழியில் விளையாடி ஆங்கிலத்தில் பயிலும் நம் மகள், அதைக் கண்டு ‘ஆனால்’ என்பதற்கு ‘ஆகுமாயின்’ என்ற பொருளும் உண்டா என்று கேட்டாள். அன்று மாலை தாத்தாவிடம் தொலைபேசியில் அச்சொல்லைச் சொல்லிக் காட்டினாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நம் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் நேயர்கள் தம் இல்லங்களிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.