காசும் ஒரு பாடநூல்



கணக்குப் பாடம் கசக்கிறது என்று சொல்லும் சிறுவனும் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதைக் காண்கிறோம். ஏட்டிலுள்ள எண் அவனுக்கு அயலானது. கையிலுள்ள காசு பழகியது. ஆதலின் காசையே பள்ளியின் பாடக்கருவியாக்கலாம் என்பதே நாம் இன்று எடுத்துரைக்க விழைவது.

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் பலர், காலணியின் ‘அப்பர்’ எனப்படும் மேற்பகுதியை வீட்டிலிருந்தே தைத்துத் தருகின்றனர். கூலி ஜோடிக் கணக்கில் கிடைக்கிறது. ஒரு ஜோடிக்கு 12 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். 16 ஜோடிக்கு எவ்வளவு? பலகையில் இப்பெருக்கல் மலைப்பூட்டும். ஜோடி ஒன்றுக்கு ஒரு பத்து ரூபாய், ஓர் இரண்டு ரூபாய், ஓர் ஐம்பது காசு என 16 கூறுகள் வைத்து, பின்னர் வகைவாரியாகத் திரட்டினால் 160, 32, 8. ஆக 200 ரூபாய் என்பதைப் பிள்ளை கண்ணாலேயே காணும். தாயின் கூலியைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஏமாற்றம் எளிதில் நுழையாது.

தசமமும் அவ்வாறே. 1957 ஏப்ரல் முதல் நாள் வரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் 100 காசு. அரை ரூபாய் 0.50 ஆவது ஏன் என்பதை ஐம்பது காசு நாணயமே விளக்கும்.

வரலாற்றுக்கும் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஆற்காட்டின் பெயரால் வெள்ளி ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் அச்சடித்தனர்.

அறிவியலுக்கு ஒரு காந்தம் போதும். எஃகாலான ஒரு ரூபாய் ஒட்டும். மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒட்டாது. அவ்வெஃகில் நூற்றுக்கு 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். குரோமிய உப்பே தோல் பதனிடவும் பயன்படுகிறது. எஃகில் துருவைத் தடுக்கும் பொருள், கழிவாகி நீரில் கலந்தால் கேடு விளைக்கிறது. பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டது குறித்து உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததை உழவர்கள் அறிவர். பிள்ளைகளும் அறியவேண்டும்.

குடிமைப் பாடமும் உண்டு. பத்து ரூபாய் நாணயத்தைப் பல ஊர்க் கடைகளில் வாங்க மறுத்தனர். அதன் 14 வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018 சனவரியிலேயே அறிவித்துவிட்டது. இதனைப் பள்ளியில் கற்ற பிள்ளை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லும், வதந்தி வலுவிழக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஐம்பது காசு, 1, 2, 5, 10, 20 ரூபாய் ஆகிய ஆறு வகையிலும் ஒவ்வொன்று சேர்ந்தால் 38 ரூபாய் 50 காசு. ஒவ்வொரு வகையிலும் இருபது நாணயம் வைத்தால் 770 ரூபாய். அதுவும் செலவாகிப் போவதன்று. ஆண்டிறுதியில் எண்ணிப் பார்த்தால் பணம் பணமாகவே இருக்கும். எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி வருவதும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியே. சிறு குழந்தைகள் வாயில் போடாதவாறு ஆசிரியர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசி, ஊருக்கொரு காசுப் பெட்டி அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம்.